டில்லியில் உத்தரவு, புறக்கோட்டையில் விலை

2023 டிசம்பர் 7ஆம் திகதி புதுடில்லியிலுள்ள வெளிநாட்டு வர்த்தகப் பணிப்பாளர் நாயகத்தின் அலுவலகம் ஓர் அறிவித்தலை வெளியிட்டது. மறு ஆண்டு மார்ச் 31 வரை இந்தியாவிலிருந்து வெங்காயம் ஏற்றுமதியாகக் கூடாது என்பதே அதன் சாரம். மகாராஷ்டிராவில் மழை பொய்த்து விளைச்சல் குறைந்திருந்தது. நகரங்களில் விலை ஏறிக்கொண்டிருந்தது. பொதுத் தேர்தலுக்கு நான்கைந்து மாதங்களே இருந்தன. நாசிக் பக்கத்து விவசாயிகள் தங்கள் விளைபொருளுக்குக் கிடைக்கவிருந்த நல்ல விலையை அரசு பறித்துவிட்டதென்று வீதிக்கு வந்தார்கள்.

நாசிக்கில் மறியலாக வெளிப்பட்டது, கொழும்பில் விலையாக வெளிப்பட்டது. புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் விடியமுன்னரே லொறிகள் பின்னோக்கி வந்து நெருக்கியடித்து நிற்கும். நாட்டாமிமார் சிவப்பு வலைச் சாக்குகளை முதுகிலும் தள்ளுவண்டியிலுமாக ஏற்றி இறக்குவார்கள். அந்தச் சாக்குகளில் பெரும்பாலானவற்றில் வருவது நாம் பம்பாய் வெங்காயம் என்று சொல்லும் இந்தியப் பெரிய வெங்காயம். அதன் அன்றாட விலை நாசிக் சந்தையின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்துத்தான் இங்கே பேசப்படுகிறது. டிசம்பரில் வேறு வழியும் இல்லை. தம்புள்ளை, மாத்தளைப் பக்கத்து அறுவடை ஓகஸ்ட் தொடக்கம் ஒக்டோபருக்குள் முடிந்துவிடும். அந்த வெங்காயம் ஆண்டு முழுவதற்கும் காணாது. சில வாரங்களில் சில்லறைக் கடைகளில் கிலோ 500 ரூபாயைத் தாண்டியது. பாகிஸ்தானிலிருந்தும் சீனாவிலிருந்தும் வெங்காயம் வந்திறங்கியது. கால் கிலோ வாங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள் இரண்டு மூன்று காயாக எண்ணி வாங்கின.

அந்த உத்தரவு இலங்கையைக் குறிவைத்துப் போடப்பட்டதல்ல. இலங்கைமீது டில்லிக்கு அப்போது எந்தக் கோபமும் இருக்கவில்லை. உத்தரவை எழுதியவர்களுக்குக் கொழும்பு ஞாபகத்திலாவது வந்திருக்குமா என்பதே சந்தேகம். ஒரு பெரிய நாட்டின் பக்கத்தில் வாழும் சிறிய நாட்டுக்கு நேரும் கஷ்டங்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். பெரிய நாட்டின் விவசாயி, ஆலைக்காரர், நகரத்து நுகர்வோர் மூவரும் தத்தம் அரசிடம் முறையிடுகிறார்கள். அவர்களிடம் வாக்கு இருக்கிறது, அரசு செவிசாய்க்கிறது. அந்த முடிவின் மறுபாதி கடல் கடந்து வந்து, அந்தத் தேர்தலில் வாக்கே இல்லாத மக்களின் தலையில் இறங்குகிறது. இந்தியா – இலங்கை வர்த்தகத்தின் கடந்த 25 ஆண்டுகளைத் திரும்பிப் பார்த்தால், தேயிலையானாலும் மிளகானாலும் இதே கதைதான் வேறு வேறு பெயர்களில் வருகிறது.

1998: சிறியவருக்குச் சலுகை

இலங்கை செய்துகொண்ட முதலாவது சுதந்திர வர்த்தக உடன்படிக்கை இந்தியாவுடனானது. 1998 டிசம்பர் 28ஆம் திகதி புதுடில்லியில் பிரதமர் வாஜ்பாயும் ஜனாதிபதி சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்கவும் அதில் கைச்சாத்திட்டார்கள். அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்னர்தான் டில்லி மாநிலத் தேர்தலில் வாஜ்பாயின் கட்சி வெங்காய விலை காரணமாகத் தோற்றிருந்தது. இந்திய அரசியல்வாதிகள் வெங்காயத்துக்கு ஏன் அப்படிப் பயப்படுகிறார்கள் என்று கேட்பவர்கள் அந்தத் தேர்தலை ஒருதரம் பார்த்தால் போதும்.

அன்று இந்தியப் பொருளாதாரம் இலங்கையினுடையதைவிட ஏறத்தாழ 27 மடங்கு பெரியது. இன்று அந்த இடைவெளி 40 மடங்களவில் வந்து நிற்கிறது. இந்த ஏற்றத்தாழ்வை உடன்படிக்கையே ஏற்றுக்கொண்டிருந்தது. தீர்வைச் சலுகை தரமாட்டோம் என்று இந்தியா ஒதுக்கிவைத்த பொருள்கள் 429. இலங்கை ஒதுக்கிவைத்தவை 1,180. இந்தியா தன் தீர்வைகளை மூன்று ஆண்டுகளில் நீக்க வேண்டும். இலங்கைக்கு எட்டு ஆண்டுகள் அவகாசம். 2000 மார்ச் 1ஆம் திகதி உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. எழுத்தில் பார்த்தால், பெரிய நாடு சிறிய நாட்டுக்குக் கொடுத்த நியாயமான இடம் அது. அதை வரைந்த இரு நாட்டு அதிகாரிகளுக்கும் அந்த மதிப்பைக் கொடுத்தே ஆகவேண்டும்.

ஆனால், இலங்கையின் கையில் அன்று விற்பதற்கு உண்மையில் இருந்தவை இரண்டு: தேயிலையும் ஆயத்த ஆடையும். அந்த இரண்டுக்கும் கதவு பாதிதான் திறந்தது. தேயிலைக்கு ஆண்டுக்கு 15 மில்லியன் கிலோ என்று ஓர் ஒதுக்கீடு, அதிலும் அரைவாசித் தீர்வை, அதுவும் குறிப்பிட்ட இந்தியத் துறைமுகங்களுக்கு ஊடாக மட்டும். இலங்கை அப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 300 மில்லியன் கிலோ தேயிலை உற்பத்தி செய்துகொண்டிருந்தது. ஆடைகளுக்கு எட்டு மில்லியன் உருப்படிகள்; அவற்றில் ஆறு மில்லியன் இந்தியத் துணியில் தைக்கப்பட்டிருக்க வேண்டும். அசாமிலும் நீலகிரியிலும் தேயிலைக்காரர்கள் இருக்கிறார்கள். திருப்பூரிலும் லூதியானாவிலும் ஆடைத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய குரல் ஒப்பந்தத்தின் அடிக்குறிப்புகளில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பிற்காலத்தில் ஆடைக்கான நிபந்தனைகள் தளர்த்தப்பட்டன. தேயிலை ஒதுக்கீட்டில் ஒரு சிறு பகுதியையே இலங்கை பயன்படுத்தியது.

வனஸ்பதியின் எழுச்சியும் வீழ்ச்சியும்

வழமையான பொருள்களுக்கு வழி அடைபட்ட இடத்தில், யாரும் எதிர்பாராத இரண்டு பொருள்கள் உள்ளே புகுந்தன. ஒன்று செம்பு, மற்றது வனஸ்பதி.

இலங்கையில் செம்புச் சுரங்கம் கிடையாது. வனஸ்பதி செய்வதற்கான பாம் எண்ணெயும் மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும்தான் வரவேண்டும். அப்படியிருக்க இவை எப்படி இலங்கை ஏற்றுமதிகளாயின? கணக்கு எளிமையானது. தன் எண்ணெய்வித்து விவசாயிகளைக் காப்பாற்றுவதற்காக இந்தியா பாம் எண்ணெய்க்கு 65 சதவீதமும் அதற்கு மேலும் தீர்வை விதித்துக்கொண்டிருந்தது. இலங்கையில் அந்தத் தீர்வை மிகக் குறைவு. பாம் எண்ணெயைக் கொழும்புக்குக் கொண்டுவந்து, இங்கே ஆலையில் வனஸ்பதியாக்கி, 35 சதவீத உள்நாட்டுப் பெறுமதி சேர்த்ததாகக் காட்டிவிட்டால், அது தீர்வையே இல்லாமல் இந்தியச் சந்தைக்குள் நுழையலாம். இந்திய முதலீட்டாளர்களே இங்கு வந்து ஆலைகளைக் கட்டினார்கள். 2000ஆம் ஆண்டில் 60 மில்லியன் டொலரைக்கூட எட்டாதிருந்த இந்தியாவுக்கான ஏற்றுமதி 2005இல் 500 மில்லியனைத் தாண்டியது. அதில் ஏறத்தாழ அரைவாசி இந்த இரண்டு பொருள்களிலிருந்து வந்தது.

கொழும்பில் அந்தப் புள்ளிவிவரம் வெற்றியாகக் கொண்டாடப்பட்டது. இந்தியாவிலோ வனஸ்பதி ஆலைக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். 2006இல் ஆண்டுக்கு 2,50,000 தொன் என்று உச்சவரம்பு வந்தது. இறக்குமதி நாஃபெட் என்ற இந்தியக் கூட்டுறவு அமைப்பின் வழியாகத் திருப்பிவிடப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, உலகெங்கும் உணவு விலை ஏறியபோது, தன் நகரத்து நுகர்வோருக்காக இந்தியா கச்சாப் பாம் எண்ணெய்க்கான தீர்வையை முற்றாக நீக்கியது. அந்தத் தீர்வை வித்தியாசம் ஒன்றையே நம்பிக் கட்டப்பட்ட இலங்கை ஆலைகளுக்கு அத்தோடு வேலை முடிந்தது. கதவுகள் மூடின. வேலைக்குப் போனவர்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

இதில் இந்தியாவை மட்டும் குறைசொல்வது நேர்மையாகாது. நம் மண்ணில் விளையாத, நம் கைத்திறன் அதிகம் சேராத ஒரு பொருளை இன்னொரு நாட்டின் தீர்வைப் பட்டியலிலுள்ள ஓட்டையை நம்பி விற்பதை ஏற்றுமதி வளர்ச்சி என்று அழைத்தது கொழும்பின் பிழை. ஆனால் அந்த ஓட்டையை அடைக்கும் நேரத்தையும் விதத்தையும் டில்லியே தீர்மானித்தது. ஐந்து ஆண்டுகளுக்குள் ஒரு தொழில் பிறந்து, வளர்ந்து, அழிந்தது. அதை நம்பி முதல் போடலாமா என்று அடுத்த முதலீட்டாளர் யோசித்தால் அவரைக் குற்றஞ்சொல்ல முடியாது.

மாத்தளை மிளகும் குடகு மிளகும்

மிளகின் கதை வேறு. இது முழுக்க முழுக்க நம் மண்ணில் விளைவது.

மாத்தளை, கண்டி, கேகாலை, குருநாகல், பதுளை, மொனராகலை மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான சிறு தோட்டக்காரர்கள் கிளிசிரிடியா மரங்களில் மிளகுக் கொடியைப் படரவிட்டிருக்கிறார்கள். பெருந்தோட்டம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டு வளவிலும் தேயிலை, தென்னைக்கு இடையிலும் நிற்கும் கொடிகள்தான். கதிர் பறித்து, மணி உதிர்த்து, முற்றத்தில் பாய் விரித்து வெயிலில் காயவைப்பார்கள். மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்து ஒரு கிலோவாகும். ஊருக்கு வரும் வியாபாரி ஒரு லீற்றர் கொள்ளும் அளவை நிரப்பி நிறுத்துப் பார்ப்பார். அது 500 கிராமைத் தாண்டினால் நல்ல மிளகு, நல்ல விலை. குறைந்தால் இலேசு மிளகு; அது எண்ணெய் பிழியப் போகும். இலங்கை மிளகில் காரமும் எண்ணெய்ச் சத்தும் கூட. அதனால், கொச்சியைச் சுற்றியுள்ள மசாலாச் சாறு எடுக்கும் ஆலைகள் அதை எப்போதும் விரும்பி வாங்கின. இந்தியாதான் நீண்டகாலமாக இலங்கை மிளகின் பெரிய சந்தை.

அந்தச் சந்தைக்குள் நுழையும் கணக்கைப் பாருங்கள். பொதுவாக வெளிநாட்டு மிளகுக்கு இந்தியாவின் தீர்வை 70 சதவீதம். தெற்காசியச் சுதந்திர வர்த்தக ஏற்பாட்டின் கீழ் இலங்கைக்கு 8 சதவீதம். இருதரப்பு உடன்படிக்கையின் கீழ் ஆண்டுக்கு முதல் 2,500 தொன்னுக்குத் தீர்வையே இல்லை. 70க்கும் பூச்சியத்துக்கும் இடையில் அவ்வளவு பெரிய பள்ளம் இருந்தால், அதில் யாராவது தண்ணீர் பாய்ச்சத்தானே பார்ப்பார்கள்? வியட்நாமின் மலிவான மிளகு கொழும்பில் இறங்கி, இலங்கை மிளகு என்ற சான்றிதழோடு இந்தியாவுக்குப் போகிறது என்று குடகு, வயநாடு, இடுக்கி விவசாயிகள் முறையிட்டார்கள். பாக்குக்கும் இதே முறைப்பாடு எழுந்தது. அவர்களுடைய கோபம் நியாயமானது. தன் தோட்டத்து மிளகு விலை சரிவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் குடகு விவசாயிக்கு, கொழும்பில் சாக்கு மாறிய வியட்நாம் மிளகைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய கடன் எதுவுமில்லை.

2017 டிசம்பரில் இந்தியா மிளகுக்கு ஆகக்குறைந்த இறக்குமதி விலை ஒன்றை நிர்ணயித்தது: கிலோ 500 இந்திய ரூபாய். அதற்குக் குறைந்த விலையில் எந்த மிளகும் உள்ளே வரமுடியாது. வியட்நாமின் பெரும் விளைச்சலால் உலக விலை அப்போதே சரிந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் இந்த அடியும் சேர்ந்தது. மாத்தளையில் முற்றத்துப் பாயில் மிளகு காயவைத்த குடும்பம் மோசடி எதுவும் செய்யவில்லை. அவர்களுடைய மிளகு அவர்களுடைய கொடியில் விளைந்தது. ஆனால் விதி அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது. கொழும்பு விழித்துக்கொண்டு மறுஏற்றுமதிக்காக மிளகு கொண்டுவருவதைத் தடைசெய்தது. ஆனால் அதைச் செய்திருக்க வேண்டிய காலம் முன்னரே கடந்துபோயிருந்தது. தன் பெயரில் போகும் பொருள் தன்னுடையதுதானா என்பதைச் சரிபார்க்கும் பொறுப்பு சிறிய நாட்டுக்கு இருமடங்கு உண்டு. ஏனென்றால் அதன் நம்பிக்கை ஒருமுறை கெட்டால், தண்டனை நேர்மையானவர்களையும் சேர்த்தே பிடிக்கும்.

பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு

இந்தியாவுடன் வர்த்தகம் என்றதும் இலங்கையில் எழும் அச்சத்தை வெறும் அரசியல் கூச்சல் என்று தள்ளிவிடுவோர் உண்டு. வடக்கின் விவசாயிகள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

1970 தொடக்கம் 1977 வரை சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் செத்தல் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. தெற்கில் மக்கள் பாணுக்கு வரிசையில் நின்ற காலம் அது. யாழ்ப்பாணத்தின் செம்மண் ஊர்களில், உரும்பிராய், கோப்பாய், ஏழாலை, புன்னாலைக்கட்டுவன் பக்கங்களில், அதே காலம் செழிப்பின் காலம். கிணற்றடியில் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது; ஓட்டு வீடு எழும்பியது; பிள்ளைகளின் படிப்புக்குக் காசு இருந்தது. விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் படித்த வாலிபர் திட்டத்தில் காணி பெற்ற இளைஞர்கள் மிளகாய் போட்டுத் தலைநிமிர்ந்தார்கள். அரச உத்தியோகத்தின் கதவு தமிழ் இளைஞர்களுக்கு ஒடுங்கிக்கொண்டிருந்த ஆண்டுகளில், தோட்டம் அவர்களுக்கு ஒரு பிழைப்பையும் ஒரு மரியாதையையும் கொடுத்தது.

1977இல் ஜே.ஆர். ஜயவர்தனவின் அரசு திறந்த பொருளாதாரத்தைக் கொண்டுவந்தது. இந்திய மிளகாயும் வெங்காயமும் மீண்டும் வந்திறங்கின. யாழ்ப்பாணத் தோட்டக்காரரின் வருமானம் விழுந்தது. மாற்று ஏற்பாடு எதுவும் அவர்களுக்குச் செய்துகொடுக்கப்படவில்லை. அந்த இளைஞர்களில் பலர் எந்தப் பாதையில் போனார்கள் என்பது அடுத்த பத்தாண்டுகளின் வரலாறு. இறக்குமதியைத் திறப்பது சரியா பிழையா என்பதைவிட, திறக்கும்போது யாருடைய பிழைப்பு போகிறது, அவர்களுக்கு என்ன வழி என்று கேட்பதற்கு அன்று யாரும் இருக்கவில்லை என்பதுதான் என் மனதை இன்றும் வருத்துகிறது.

தெற்கிலும் வேறுவிதமான அச்சம் வேரூன்றியிருந்தது. ஜே.வி.பி. தன் உறுப்பினர்களுக்கு நடத்திய ஐந்து அரசியல் வகுப்புகளில் ஒன்றின் தலைப்பு இந்திய விஸ்தரிப்புவாதம். 1987க்குப் பிறகு இந்தியப் பொருள்களைப் பகிஷ்கரிக்கச் சொல்லி அந்த இயக்கம் கடைக்காரர்களை மிரட்டியது.

கைச்சாத்தாகாத காகிதங்கள்

1998 உடன்படிக்கை பொருள்களுக்கானது மட்டுமே. சேவைகளையும் முதலீட்டையும் சேர்த்து விரிவான ஓர் உடன்படிக்கை செய்வதற்கான பேச்சு 2005இல் ஆரம்பித்தது. ‘சீபா’ என்று பத்திரிகைகளில் அடிபட்ட அந்த ஆவணம், 2008 ஓகஸ்டில் கொழும்பில் நடந்த சார்க் மாநாட்டின்போது கைச்சாத்தாகும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். கடைசி நேரத்தில் இலங்கை பின்வாங்கியது. உள்நாட்டுத் தொழிலதிபர்கள் எதிர்த்தார்கள். பிறகு அதே முயற்சி ‘எட்கா’ என்ற பெயரில் 2016இல் மீண்டும் வந்தபோது, அரச மருத்துவ அதிகாரிகள் சங்கமும் தகவல் தொழில்நுட்பத் துறையினர் சிலரும் இந்தியர்கள் வந்து வேலைகளைப் பிடித்துக்கொள்வார்கள் என்று போர்க்கொடி தூக்கினார்கள். 2018இல் பேச்சு நின்றது. 2023 ஒக்டோபரில் மீண்டும் தொடங்கியது. 2024 ஜூலையில் கொழும்பில் 14ஆவது சுற்றும் நடந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க டில்லிக்குப் போனபோது, பேச்சைத் தொடர்வோம் என்று கூட்டறிக்கை சொன்னது. உடன்படிக்கை மட்டும் வரவில்லை.

கைச்சாத்திடாமல் இருப்பதால் இலங்கை பாதுகாக்கப்படுகிறது என்ற எண்ணம் இந்த எதிர்ப்புகளுக்கெல்லாம் அடியில் இருக்கிறது. புள்ளிவிவரங்களோ வேறு கதை சொல்கின்றன. 2023இல் இந்தியாவிலிருந்து இலங்கை 3 பில்லியன் டொலருக்கு மேல் இறக்குமதி செய்தது. இந்தியாவுக்கு அனுப்பியது ஒரு பில்லியனுக்கும் குறைவு. இதைப் பார்த்தவுடன் 1998 உடன்படிக்கைதான் காரணம் என்று மேடைகளில் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் இந்தியாவிலிருந்து வரும் பொருள்களில் உடன்படிக்கையின் சலுகையைப் பயன்படுத்தி வருபவை பல ஆண்டுகளில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. டீசல், வாகனங்கள், மருந்து, சீனி, துணி, வெங்காயம் எல்லாம் ஒப்பந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரும். மலிவு, அருகாமை, நமது தேவை ஆகிய மூன்றும் அவற்றைக் கொண்டுவருகின்றன. இலங்கையிலிருந்து அங்கே போகும் பொருள்களிலோ பாதிக்கு மேற்பட்டவை உடன்படிக்கையைப் பிடித்துக்கொண்டே போகின்றன. இந்தக் காகிதம் நாளை இல்லாமற் போனால் நஷ்டம் யாருக்கு என்று இதிலிருந்தே கணக்குப் போடலாம்.

இலங்கையும் தன் பங்குக்கு விளையாடாமலில்லை. தீர்வையைக் குறைத்துவிட்டு, செஸ் வரி, துறைமுக விமானநிலைய அபிவிருத்தி வரி என்று வேறு பெயர்களில் சுவர் எழுப்பியது. இந்திய ஏற்றுமதியாளர்கள் இதைப் பலமுறை முறையிட்டார்கள். மறுபக்கம், இங்கிருந்து போகும் உணவுப்பொருள்கள் இந்தியத் துறைமுகங்களில் ஆய்வுகூடச் சான்றுக்காக வாரக்கணக்கில் காத்துக்கிடப்பதாக நம் உற்பத்தியாளர்களும் முறையிட்டார்கள். இரண்டு முறைப்பாட்டையும் கேட்டுத் தீர்த்துவைக்கக்கூடிய உயிருள்ள ஓர் ஏற்பாடு இல்லை.

இலங்கைத் தொழில்துறை எல்லோரையும் கண்டு பயந்து ஒதுங்கிய துறை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இங்கேயுள்ள பிராண்டிக்ஸ் ஆடை நிறுவனம் ஆந்திராவின் விசாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் அச்சுதாபுரத்தில் 1,000 ஏக்கரில் ஒரு தொழில் நகரையே எழுப்பி, சுற்றுவட்டக் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுக்கிறது. சின்ன நாட்டின் முதலும் அனுபவமும் பெரிய நாட்டுக்குப் போய்ப் பிழைக்க முடியும்.

மாலைதீவின் வெங்காயம்

இனி மீண்டும் அந்த வெங்காயத்துக்கு வருவோம். 2024 ஏப்ரலில், தடை நீடித்துக்கொண்டிருந்தபோது, இந்தியா இலங்கைக்கு 10,000 தொன் வெங்காயம் அனுப்ப அனுமதி கொடுத்தது. இங்கே நன்றியோடு வரவேற்கப்பட்ட செய்தி அது.

அதே மாதத்தின் தொடக்கத்தில், இந்தியா இன்னொரு நாட்டுக்கும் அனுமதி கொடுத்திருந்தது. அந்த நாடு மாலைதீவு. அங்கே மக்கள் தொகை ஏறத்தாழ ஐந்து இலட்சம். இலங்கையில் இரண்டு கோடிக்கு மேல். ஆனால் மாலைதீவுக்குக் கிடைத்த வெங்காயம் 35,749 தொன். அதோடு அரிசி, சீனி, கோதுமை மா, பருப்பு, உருளைக்கிழங்கு, முட்டை, ஆற்றுமணல்கூட. அதுவும் எப்போது? இந்தியாவை வெளியேற்றுவோம் என்ற கோஷத்தோடு ஆட்சிக்கு வந்த ஜனாதிபதி முய்சு, இந்தியப் படையினரைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த மாதங்களில். இரு நாட்டு உறவும் அவ்வளவு கெட்டுப்போயிருந்த நேரத்தில், அதுவரை இல்லாத அளவு உச்ச ஒதுக்கீடு.

காரணம் 1981இல் இந்தியாவும் மாலைதீவும் கைச்சாத்திட்ட ஒரு வர்த்தக உடன்படிக்கை. இந்தியா தன் நாட்டுக்குள் எந்தப் பொருளுக்கு ஏற்றுமதித் தடை போட்டாலும், மாலைதீவின் அத்தியாவசியத் தேவைக்கு ஆண்டுதோறும் ஓர் அளவு ஒதுக்கப்படும் என்பது அந்த ஏற்பாடு. தூத்துக்குடித் துறைமுகம் வழியாகவும் அந்தப் பொருள்கள் போகின்றன. அங்கே அரசுகள் மாறின, நட்பு பகையானது, பகை மீண்டும் நட்பானது. ஒதுக்கீடு மட்டும் ஆண்டு தவறாமல் வந்துகொண்டிருக்கிறது. டில்லியில் உத்தரவு எழுதும் அதிகாரியின் மேசையில் மாலைதீவு என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறது. 1981இல் யாரோ அதை எழுதிவைத்திருக்கிறார்கள்.

இலங்கை தன் நட்பை நம்பியிருந்தது. அந்த நட்பு பொய்யுமல்ல. 2022இல் பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது, கடன், எரிபொருள், மருந்து, தவணை ஒத்திவைப்பு என்று ஏறத்தாழ 4 பில்லியன் டொலர் அளவுக்கு இந்தியா கைகொடுத்தது. தமிழ்நாடு அரசு 40,000 தொன் அரிசியும் 500 தொன் பால்மாவும் மருந்துகளும் அனுப்ப முடிவெடுத்து, மே 18ஆம் திகதி சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல் கப்பலை அனுப்பியது. அந்த அரிசியை வாங்கிச் சமைத்த குடும்பங்கள் மலையகத்திலும் வடக்கு கிழக்கிலும் தெற்கிலும் இருக்கின்றன. அதை மறந்து எழுதுபவன் நன்றி கெட்டவன். ஆனால் இரக்கத்தில் வரும் உதவி ஒன்று, உரிமையில் வரும் ஒதுக்கீடு வேறு. உதவிக்கு முன் ஒரு நெருக்கடி வரவேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், கேட்க வேண்டும். ஒதுக்கீட்டுக்கு இவை எதுவும் வேண்டியதில்லை.

துறைமுகத்தில் இறங்கும் பேரம்

இலங்கையிடம் பேரம்பேச ஒன்றுமில்லை என்பதும் சரியல்ல. கொழும்புத் துறைமுகம் இருக்கிறது. 2024இல் அது கையாண்ட கொள்கலன்கள் ஏறத்தாழ 78 இலட்சம். இவற்றில் பெரும்பாலானவை இலங்கைக்கு வருபவை அல்ல. ஒரு கப்பலிலிருந்து இறங்கி இன்னொரு கப்பலில் ஏறுபவை. அவற்றின் பெரும்பங்கு இந்தியாவின் சரக்கு. இந்தியத் துறைமுகங்கள் பலவற்றுக்குள் பெருங்கப்பல்கள் நுழைய ஆழம் போதாததால், இந்திய ஏற்றுமதியாளரின் பெட்டி கொழும்புக்கு வந்து கப்பல் மாறுகிறது.

அந்த நிலை மாறத் தொடங்கிவிட்டது. 2025 மே 2ஆம் திகதி கேரளாவின் விழிஞ்ஞத்தில் ஆழ்கடல் துறைமுகத்தைப் பிரதமர் மோடி நாட்டுக்கு அர்ப்பணித்தார். கிழக்கு–மேற்குக் கப்பற்பாதைக்கு 10 கடல்மைல் தூரத்தில், பெருங்கப்பல்கள் இலகுவாக நுழையும் இயற்கையான ஆழத்தோடு அது நிற்கிறது. அதைக் கட்டி நடத்துவது அதானி குழுமம். அதற்கு முந்திய மாதம் கொழும்பில் இயங்கத் தொடங்கிய மேற்குக் கொள்கலன் முனையத்தின் 51 சதவீதமும் அதே குழுமத்தின் கையில்தான். முதலில் இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் கிழக்கு முனையம் என்றுதான் 2019இல் பேசப்பட்டது. துறைமுகத் தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் 2021 பெப்ரவரியில் அது கைவிடப்பட்டு, மேற்கு முனையம் கொடுக்கப்பட்டது. எந்தப் பெட்டி கொழும்பில் மாறும், எது விழிஞ்ஞத்தில் மாறும் என்பதில் இனி அந்த ஒரே நிறுவனத்தின் கணக்கும் செல்வாக்குச் செலுத்தும். கொழும்பின் பேரம்பேசும் வலிமை இன்றைக்கு இருக்கிறது. பத்து ஆண்டுகளுக்குப் பின் இதே அளவு இருக்கும் என்று சொல்லமுடியாது. பேசுவதானால் இப்போதே பேச வேண்டும்.

எதைப் பேசுவது என்பதிலும் மயக்கமில்லை. அத்தியாவசிய உணவுப்பொருள்களுக்கு, மாலைதீவுக்கு இருப்பதுபோல, ஏற்றுமதித் தடைகளுக்குக் கட்டுப்படாத ஆண்டு ஒதுக்கீடு முதலாவது தேவை. தம்புள்ளை அறுவடைக் காலத்தில் இறக்குமதிக்கு வரி போட்டு உள்ளூர் விவசாயியைக் காக்கும் உரிமையை இலங்கை அதோடு சேர்த்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். யாழ்ப்பாணத்துச் சின்ன வெங்காயத்துக்கும் அதே பாதுகாப்பு. மிளகுக்குத் தோட்டத்திலிருந்து துறைமுகம் வரை பின்தொடரக்கூடிய சான்றிதழ் முறை ஒன்றை இலங்கை தானே அமைத்துவிட்டு, அப்படிச் சான்றுபெற்ற மிளகு ஆகக்குறைந்த விலை நிபந்தனைக்குள் அகப்படக் கூடாது என்று கேட்கலாம்; குடகு விவசாயிக்கும் அதில் நஷ்டமில்லை. உணவுப் பரிசோதனையில் இரு நாட்டு ஆய்வுகூடங்களும் ஒன்றையொன்று ஏற்றுக்கொண்டால், பெட்டி துறைமுகத்தில் கிடந்து கெடாது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு தரப்பு திடீரென்று விதியை மாற்றினால் மறு தரப்பு எத்தனை நாட்களுக்குள் எந்த மேசையில் போய்க் கேட்கலாம் என்பது திகதியோடு எழுதப்பட வேண்டும். மருத்துவர்களும் பொறியியலாளர்களும் அஞ்சும் தொழில்வாய்ப்பு விவகாரத்தை இந்தப் பேச்சிலிருந்து கழற்றித் தனியே வைத்துவிட்டால் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும். பொருள்களுக்கான விதிகளைத் திருத்துவதற்கு அது முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

2024 நவம்பர் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 225 ஆசனங்களில் 159ஐ வென்றது. இந்திய உடன்படிக்கைகளை வீதியில் இறங்கி எதிர்க்கும் வலிமை இலங்கையில் யாருக்காவது இருந்ததென்றால் அது அந்தக் கூட்டணியின் முதுகெலும்பான ஜே.வி.பி.க்குத்தான் இருந்தது. இப்போது பேச்சுமேசையில் உட்கார வேண்டியவர்களும் அவர்களே. சந்திரிகாவுக்குப் பிறகு வந்த எந்த அரசுக்கும் கிடைக்காத வசதி இது. அடுத்த சுற்றுக்கு டில்லி செல்லும் இலங்கை அதிகாரிகளின் கோப்பில் 1981ஆம் ஆண்டின் மாலைதீவு உடன்படிக்கையின் பிரதி ஒன்று இருக்கட்டும்.